கணுக்காலில் சாவித்துவார ஆபரேஷன்: வலி ஒரு பக்கம், ஸ்கேன் காட்டுவது மறுபக்கம்

கேள்வி:

எனக்கு வயது 34. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிசகிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். வீட்டில் சொன்னதால் எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டேன். வீக்கம் வடிந்தது, ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் முன்பக்கத்தில், வெளி ஓரமாக, சுருக்கென்று வலிக்கிறது. மேடு பள்ளத்தில் நடக்கும்போது மாதத்தில் இரண்டு மூன்று தடவை கால் தானாக மடங்குகிறது. இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்ததில், டேலஸ் எலும்பின் மேல்பரப்பில் உள்பக்கமாக 9 x 7 மி.மீ. குருத்தெலும்புக் காயம், மூட்டின் உள்ளுறையில் லேசான வீக்கம், வெளிப்பக்க ஜவ்வில் பழைய பாதிக் கிழிசல் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், "இரண்டே துளை, சாவித்துவார ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். இன்னொருவர், "ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ, "முட்டிக்குத்தான் அந்த ஆபரேஷன் உண்டு, கணுக்காலில் கை வைத்தால் நொண்டிதான்" என்று பயமுறுத்துகிறார். எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக வேண்டுதலும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்:

உங்களுக்கு வலிப்பது கணுக்காலின் முன்பக்க வெளி ஓரம். ஸ்கேன் காட்டும் குருத்தெலும்புக் காயம் இருப்பது உள்பக்கம். நடுவே இரண்டு விரற்கடை தூரம்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த இரண்டு விரற்கடைதான் முக்கியம். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால், வேண்டுமென்றால் இந்த இரண்டில் எதற்கு என்று கேட்க வேண்டும். உங்கள் டாக்டர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒருவர் ஸ்கேனுக்கு வைத்தியம் சொல்லியிருப்பார், மற்றவர் காலுக்குச் சொல்லியிருப்பார்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே வரும் இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒரு கவ்வைப்போல நிற்க, அதற்குள் டேலஸ் என்ற சின்ன எலும்பு மேலும் கீழுமாக அசைவதுதான் கணுக்கால் மூட்டு. டேலஸ் ஒரு வினோதமான எலும்பு. அதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதான் மூடியிருக்கும். அதனால் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய இடம் குறைவு, அடிபட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் கிழிவது வெளிப்பக்க ஜவ்வு. அதே நொடியில் டேலஸ், கவ்வின் சுவரில் போய் இடித்துக்கொள்கிறது. உங்கள் ஸ்கேன் சொல்லும் குருத்தெலும்புக் காயம் அப்படி வந்ததாக இருக்கலாம். ஆனால் உள்பக்கத்துக் காயங்களில் சில, எப்போது வந்தன என்றே தெரியாமல் பல வருடமாக இருப்பவை. வேறு எதற்கோ எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தற்செயலாகக் கண்ணில் படுவதும் உண்டு. வலி தராத சின்னக் காயங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகின்றன.

அப்படியானால் குத்தவைக்கும்போது சுருக்கென்று வலிப்பது எதனால்? ஜவ்வு கிழிந்து ஆறும்போது, மூட்டின் முன்பக்க வெளி மூலையில் உள்ளுறை தடித்துப்போய், தழும்புச் சதை போல ஒன்று வளர்ந்து நிற்பதுண்டு. குத்தவைத்து உட்காரும்போது பாதம் மேல்நோக்கி மடங்குகிறது அல்லவா, அப்போது அந்தச் சதை இரண்டு எலும்புக்கும் நடுவே மாட்டி நசுங்குகிறது. கால்பந்து ஆடுகிறவர்களுக்கு அதே இடத்தில் எலும்பே முள் போல வளர்ந்து இடிக்கும். நீங்கள் சொல்லும் இடமும், எப்போது வலிக்கிறது என்பதும் இந்தச் சதை நசுங்கலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. கடிதத்தை வைத்து நான் சொல்வது இது. காலைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது விஷயம், கால் தானாக மடங்குவது. இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஜவ்வு தளர்ந்துபோய் மூட்டு ஆடுவதால் மடங்கலாம். ஜவ்வு ஓரளவு நன்றாக இருந்தும், கணுக்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கும் தசைகள் நேரத்துக்கு இழுத்துப் பிடிக்காததாலும் மடங்கலாம். சுளுக்கு ஏற்பட்டபின் முறையான பயிற்சி செய்யாதவர்களிடம் இந்த இரண்டாவது வகையை நிறையப் பார்க்கிறோம். எண்ணெய்க் கட்டைப் பற்றி உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது மறுக்க முடியாது, முறிவு இல்லாத காலில் அதனால் பெரிய கெடுதலும் வந்திருக்காது. ஆனால் கட்டைப் பிரித்த பிறகு காலைப் பழக்குவதற்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. வலி போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மூன்றில் எது உங்கள் தொல்லை என்பதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் காட்டாமல் ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். அவர் வெளி மூலையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு பாதத்தை மேலே மடக்கிப் பார்ப்பார். அங்கே அதே சுருக் வந்தால் அது சதை நசுங்கல். பாதத்தைக் கீழே தள்ளிப் பிடித்து டேலஸின் மேல்பரப்பை உள்பக்கத்தில் அழுத்தும்போது வலித்தால் குருத்தெலும்புக் காயத்தின் மேல் சந்தேகம் வரும். குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்து, இடது காலோடு ஒப்பிட்டால் ஜவ்வின் தளர்ச்சி தெரியும். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. அப்படியும் தெளிவாகவில்லை என்றால் மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் ஊசியில் செலுத்தி, உடனே குத்தவைத்து உட்காரச் சொல்லலாம். வலி மறைந்துவிட்டால் தொல்லை மூட்டுக்குள்தான். மறையவில்லை என்றால் பக்கத்துத் தசைநாண்களையோ, டேலஸுக்குக் கீழே இருக்கும் மூட்டையோ பார்க்க வேண்டும். எழுந்து நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் ஒன்று தேவை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது போதாது.

ஸ்கேன் சொல்லும் 9 x 7 என்ற அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குருத்தெலும்புக் காயத்தைச் சுற்றி எலும்பில் கோர்த்திருக்கும் நீரும் எம்.ஆர்.ஐ.யில் சேர்ந்து தெரிவதால், காயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றுவதுண்டு. ஆபரேஷன் என்று முடிவானால் சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பில் இருக்கும் உண்மையான அளவைப் பார்ப்பது நல்லது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். சாவித்துவார ஆபரேஷன் என்பது சின்னத் துளை வழியே மூட்டுக்குள் ஒரு குழாயை விட்டுப் பார்த்துச் செய்வது. அவர் சொன்னதையே 1931-இல் ஒரு பெரிய டாக்டரும் சொன்னார்! நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன், இறந்தவர்களின் மூட்டுகளில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, முட்டிக்கும் தோளுக்கும் இது வரும், கணுக்கால் மூட்டு மிகக் குறுகலானது, அதற்கு ஒத்து வராது என்று எழுதினார். அன்றைய கருவிகளுக்கு அது சரிதான். ஜப்பானில்தான் கதை மாறியது. டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை 1918-இல் இறந்தவர் ஒருவரின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தவர். முட்டியில் வரும் காசநோயைச் சீக்கிரமே கண்டுபிடித்தால் முட்டி விறைத்துப்போகாமல் காப்பாற்றலாம் என்பது அவர் எண்ணம். தரையில் மண்டியிட்டு உட்காரும் நாட்டில் முட்டி மடங்காவிட்டால் எவ்வளவு கஷ்டம் என்று குத்தவைக்க முடியாத உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மாணவர் மசாகி வதனபே, 1972-இல் 28 கணுக்கால்களில் செய்து அதன் விவரங்களை வெளியிட்டார். அதற்குப் பிறகு குழாய்கள் மெலிந்தன, மூட்டை மெதுவாக இழுத்து விரிக்கும் பட்டைகள் வந்தன. 2000-இல் ஆம்ஸ்டர்டாமின் வான் டைக், ஆளைக் குப்புறப் படுக்க வைத்துக் கணுக்காலின் பின்பக்கத்திலும் இரண்டு துளை வழியே செய்யும் முறையை எழுதினார். பாதத்தை நீட்டி விரல்நுனியில் நிற்கும் பாலே நடனக்காரர்களுக்குப் பின்பக்கம்தான் இடிக்கும், அவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆகவே அக்காவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், கணுக்காலுக்கும் உண்டு.

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். தொடையில் ஒரு பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். கத்தியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. நான்காவது விரலைக் கீழ்நோக்கி மடக்கி, பாதத்தை உள்பக்கம் சாய்த்தால், ஒல்லியான கால்களில் தோலுக்கடியில் ஒரு நரம்பு மெல்லிய கோடாக எழுந்து தெரியும். மேல் பாதத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு அது. அதைப் பேனாவால் தோலில் வரைந்துகொள்வோம், ஏனென்றால் வெளிப்பக்கத் துளை அதற்கு மிக அருகில்தான் வருகிறது. பிறகு மூட்டுக்குள் சலைன் ஏற்றி உப்ப வைத்து, உள்பக்கத் துளையை முதலில் போடுவோம். கத்தி தோலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் சதையை விலக்கிக்கொண்டே போவோம். துளை ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் அளவு. உள்ளே போகும் கேமரா குழாயின் குறுக்களவு 2.7 மி.மீ. அல்லது 4 மி.மீ. திரையில் மூட்டின் உள்பக்கம் முழுவதும் பெரிதாகத் தெரியும். சலைன் ஓடிக்கொண்டே இருக்கும்.

சதை நசுங்கல் மட்டும்தான் என்றால், சுழலும் சின்னக் கருவியால் அந்தத் தடித்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அரை மணி, முக்கால் மணி நேர வேலை. குருத்தெலும்புக் காயத்துக்கும் சேர்த்துச் செய்வதென்றால் வேலை வேறு மாதிரி. முதலில் கொக்கி போன்ற ஒரு கருவியால் குருத்தெலும்பைத் தட்டித் தடவிப் பார்ப்போம். நல்ல குருத்தெலும்பு வழவழவென்று விறைப்பாக இருக்கும். கெட்டுப்போனது அமுங்கும், ஓரத்தில் பிரிந்து வரும். பிரிந்ததையெல்லாம் எடுத்து, ஓரங்களைச் செங்குத்தாகச் சீவிவிட்டு, கீழே தெரியும் எலும்பில் மூன்று நான்கு மி.மீ. இடைவெளியில் சின்னச் சின்னக் குத்துகளாகக் குத்துவோம். பிறகு சலைனின் அழுத்தத்தைக் குறைத்ததும், அந்தத் துளைகளிலிருந்து ரத்தமும் மஜ்ஜையின் கொழுப்புத் துளிகளும் கசிந்து வருவது திரையில் தெரியும். அந்த ரத்தக்கட்டிலிருந்துதான் புதிய திசு வளர்ந்து குழியை மூடுகிறது. ஆனால் அது பிறவிக் குருத்தெலும்பு அல்ல, அதைவிட நார்த்தன்மை அதிகமுள்ள மட்டமான திசுதான். சின்னக் குழிகளுக்கு அது தாங்கும். இந்த முறைக்கு 150 சதுர மி.மீ. வரை என்று முன்பு எல்லை வைத்திருந்தார்கள், இப்போது 100-ஐ ஒட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். உங்களுடையது 63-ஐத் தாண்டாது. அந்த வகையில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய காயங்களுக்கு முட்டியிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பைப் பெயர்த்தெடுத்து வைப்பது போன்ற வழிகள் உண்டு, உங்களுக்கு அந்தப் பேச்சே தேவையில்லை.

இப்போது உங்கள் ஒரு வார லீவுக்கு வருவோம். இரண்டே துளை, மறுநாள் வீடு என்று அந்த டாக்டர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்பதை அவர் சொல்லவில்லை, அல்லது சொன்னது உங்கள் காதில் விழவில்லை. துளையின் அளவு தோலுக்குத்தான். உள்ளே செய்த வேலைக்கு ஏற்பத்தான் ஓய்வு.

சதையை மட்டும் எடுத்திருந்தால், முதல் சில நாளிலேயே தாங்கித் தாங்கி ஊன்றி நடக்கலாம். தையலைப் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் இரண்டு வாரம். உங்களைப் போல நின்று பார்க்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பில் குத்தியிருந்தால் கதையே வேறு. நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்தக் காலில் முழு எடையை வைக்கக் கூடாது, அக்குள் கட்டையோ வாக்கரோ வேண்டும். பாதத்தை மட்டும் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் புதிய திசு ஒழுங்காக வளரும். எவ்வளவு சீக்கிரம் எடை வைக்கலாம் என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, உங்களுக்குச் செய்தவர் சொல்வதைக் கேளுங்கள். நாள் முழுக்க நிற்கும் வேலைக்குத் திரும்ப மூன்று மாதம் ஆகலாம். ஓட்டம், விளையாட்டு எல்லாம் நான்கு முதல் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். ஜவ்வையும் சேர்த்து இறுக்கித் தைத்தால் ஷூ போன்ற காப்பு, பிசியோதெரபி என்று அதற்கும் இரண்டு மூன்று மாதம் போய்விடும்.

ஒரே ஸ்கேன், ஒரே இரண்டு துளை, ஆனால் ஒரு வழியில் ஒரு மாதம், இன்னொரு வழியில் மூன்று மாதம். வலி தராத உள்பக்கக் காயத்தைக் கையோடு குத்திவிட்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் சம்பளத்தில் அது ஒன்றரை, இரண்டு மாத விஷயம்.

ஆபத்துகள்? நொண்டியாக்கிவிடும் என்பது அதிகப்படியான பயம். ஆனால் ஆபத்தே இல்லை என்பதும் பொய். 1996-இல் அமெரிக்காவில் 612 பேரின் கணக்கைப் பார்த்தபோது, நூற்றுக்கு 9 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, நான் மேலே சொன்ன அந்த நரம்புச் சமாச்சாரம். மேல் பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக. 2012-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 1305 பேரின் கணக்கு வந்தது. அதில் சிக்கல் 3.5 சதவீதம்தான். மூட்டை எந்நேரமும் இழுத்துப் பிடிக்காமல், பாதத்தை மேலே மடக்கி வைத்தே முன்பக்க வேலையைச் செய்தது அதற்கு ஒரு காரணம் என்றார்கள். சீழ் பிடிப்பதும், காலில் ரத்தம் உறைவதும் அபூர்வம், ஆனால் உண்டு.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆபரேஷனுக்கு இப்போதே நாள் குறிக்க மாட்டேன். ஏனென்றால் உங்கள் காலுக்கு முறையான பயிற்சி என்ற ஒன்று இன்னும் கிடைக்கவே இல்லை. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய் மூன்று மாதத் திட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரப் பெட்டியை வைத்துப் பத்து நிமிடம் சூடு காட்டி அனுப்புகிறவரிடம் வேண்டாம், பயிற்சி சொல்லித் தருகிறவரிடம். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, கெண்டைக்காலை நீட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒற்றைக் காலில் நிற்பது. இந்தக் கடைசி ஒன்றை வீட்டிலேயே தொடங்கலாம். அடுப்பு மேடையைத் தொட்டுக்கொண்டு, பல் தேய்க்கும் நேரத்தில், முதலில் கண்ணைத் திறந்து அரை நிமிடம். அது பழகியதும் கையை எடுத்துவிட்டு. அதுவும் பழகியதும் கண்ணை மூடி, யாராவது பக்கத்தில் இருக்கும்போது. மேடு பள்ளத்தில் கால் மடங்குவது இதிலேயே பலருக்கு நின்றுவிடுகிறது. கால் மடங்குவது நின்றால், அதனால் திரும்பத் திரும்ப எரிச்சலுறும் உள்ளுறையும் அடங்க வாய்ப்புண்டு. அதுவரை வேலை நேரத்தில் பட்டையிட்டு இறுக்கும் கணுக்கால் காப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டைச் செருப்புக்குப் பதில் குதிகால் சற்றே உயர்ந்த, பின்னால் பிடிப்புள்ள செருப்பு போட்டால் முன்பக்க இடிப்பு குறையும். குத்தவைப்பதை இந்த மூன்று மாதம் தவிருங்கள். முடிந்தால் மேற்கத்தியக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்.

கடையில் உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அது. சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மணிக்கு ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்பதைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் குத்தவைக்கும்போது அதே இடத்தில் அதே சுருக் இருந்தால், அப்போது சாவித்துவார ஆபரேஷன் நல்ல முடிவு. சதை நசுங்கலுக்கு அது நன்றாகவே பலன் தருகிறது. பயிற்சியால் மூட்டின் ஆட்டம் நிற்கவில்லை என்றால், ஜவ்வையும் அதே சமயம் சரி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மூட்டு ஆடிக்கொண்டே இருக்கும்போது சதையை மட்டும் எடுத்தால் அது திரும்ப வளர வழியுண்டு. உள்பக்கக் காயத்தை, உள்ளே பார்க்கும்போது கொக்கியால் தட்டிப் பார்த்து, உறுதியாக இருந்தால் தொடாமல் விட்டுவிடலாம். இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போது நிதானமாகப் பேசி முடிவு செய்ய முடியாது.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. மூட்டு திடீரென்று சிக்கி அசையாமல் நின்று, உதறினால்தான் விடுபடுகிறது என்றால், உள்ளே பெயர்ந்த துண்டு ஒன்று சுற்றுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சாயங்கால வீக்கம் என்றில்லாமல் காலையிலும் மூட்டு புசுபுசுவென்று வீங்கி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் எல்லாம் சேர்ந்து வந்தால் இன்னும் அவசரம். நம் ஊரில் ஒற்றை மூட்டு மாதக்கணக்கில் வீங்கியிருந்தால் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. அப்போது இதே சாவித்துவார வழியில் உள்ளுறையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த ஆபரேஷன் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்த கணுக்காலைத் துளை வழியே கழுவி விடுவதால் நிலையான பலன் கிடைப்பதில்லை. அவர்களுக்கு மூட்டின் எலும்புகளை அசையாதபடி ஒன்றாக இணைத்துவிடுவது போன்ற வேறு வழிகள் இருக்கின்றன, அந்த இணைப்பையே துளை வழியாகச் செய்யலாம் என்பது வேறு விஷயம். அதேபோல, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை விளம்பரப்படுத்துகிறார்கள். நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் அதையும் வெறும் உப்பு நீர் ஊசியையும் ஒப்பிட்டு 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச காலம் அடக்கும், ஆனால் அடுத்தடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டுக்கொண்டால் அதற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும், சீழ் பிடிக்கும் அபாயம் கூடும் என்பதால்.

திருச்செந்தூர் நடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், இரவில், தார்ச் சாலை ஓரம். கால் மடங்கும் பழக்கம் நிற்காத வரை வேண்டாம். பயிற்சியில் நல்ல முன்னேற்றம் இருந்தால் கடைசிப் பத்து கிலோமீட்டரைக் காப்பு போட்டுக்கொண்டு பகலில் நடக்கலாம், மீதிக்கு பஸ் இருக்கிறது. முழு நடையை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபரேஷன் செய்துகொள்வதாக இருந்தாலும், சதையை மட்டும் எடுத்தால் மூன்று மாதத்துக்குள்ளும், எலும்பில் குத்தினால் ஆறு மாதத்துக்குள்ளும் இந்த நடை கூடாது.

செலவு விஷயத்தில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், செய்யப்போகும் ஆபரேஷனின் பெயரைச் சொல்லி முன் அனுமதி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முட்டிக்குச் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கணுக்காலுக்குச் செய்கிறவர்கள் குறைவு. "டாக்டர், கணுக்காலுக்கு நீங்கள் அடிக்கடி செய்வீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். போகும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படங்கள் அடங்கிய ஃபிலிமும் சி.டி. தகடும் வேண்டும். உள்பக்கக் காயம் எவ்வளவு ஆழம், எலும்புத் துண்டு அசைகிறதா என்பதெல்லாம் படத்தில்தான் தெரியும்.

ஆபரேஷன் செய்துகொண்டால், வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, துளையிலிருந்து நீர் கசிவது ஐந்தாறு நாள் கழித்தும் நிற்கவில்லை என்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையல் பிரிக்கும் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய்க் காட்டுங்கள், இரவாக இருந்தாலும்.